முட்டுச்சந்துகளின் மதுரை: தெருத் தொடர்பும் நகரப் பரவலும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையைப் பற்றிய ஒரு கணக்கை முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 9.4 லட்சம் பேர். 2001-ல் சுமார் 9.3 லட்சம். பத்து ஆண்டில் ஊர் சற்று இளைத்துவிட்டது. ஆனால் சுற்றுப்புறங்களையும் சேர்த்த நகரத் தொகுப்பின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. அங்கே 10.9 லட்சம் 12 லட்சமாகி, 2011-ல் 14.65 லட்சத்தைத் தொட்டது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஓய்வுபெற்ற பணத்தில் மனை வாங்கியவர்கள் என்று அத்தனை பேரையும் அவனியாபுரம், ஆனையூர், விளாங்குடி, திருப்பரங்குன்றம் போன்ற எல்லைக்கு வெளியே இருந்த ஊர்கள் ஏற்றுக்கொண்டன.

நகரம் பரவுவதில் தவறு ஒன்றுமில்லை. மக்கள் பெருகினால் வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும். பரவும்போது எப்படிப்பட்ட தெருக்களைப் போட்டுக்கொண்டு பரவியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. இன்று போடும் வீட்டை நாற்பது ஆண்டில் இடித்துக் கட்டிவிடலாம். தெரு அப்படி மாறாது. பாண்டியர், நாயக்கர், கும்பினி, முனிசிபாலிட்டி, மாநகராட்சி என்று ஆட்சி எத்தனை முறை மாறியும் மாசி வீதி மாசி வீதியாகவே இருக்கிறது.

தேருக்குத் திரும்ப முனை வேண்டும்

மதுரையின் நடுப்பகுதியை வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் தெரியும். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். சித்திரைத் தேர் இன்றும் ஓடுவது மாசி வீதிகளில்தான். தேரைப் பின்னோக்கி இழுக்க முடியாது. ஒரு முனையில் புறப்பட்டால் நான்கு முனையும் திரும்பி நிலைக்கு வந்தாக வேண்டும். ஆகவே தேரோடும் வீதி முட்டுச்சந்தாக இருக்க வழியே இல்லை. தெருத் தொடர்பு, அதாவது ஒரு தெரு இன்னொரு தெருவில் போய்ச் சேர்வது என்று இன்று நகரத் திட்டமிடுபவர்கள் பேசும் விஷயத்தைத் திருவிழா தன் தேவைக்காகவே சாதித்து வைத்திருந்தது.

மாசி வீதிக்கு வெளியே கோட்டை. விஸ்வநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்த அந்தக் கோட்டை 19-ம் நூற்றாண்டில் ஊரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். அரசிடம் அதற்குப் பெரிய பணம் இல்லை. எனவே சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலத்தில் இடம் என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் இடித்தார்கள். அகழி இருந்த வழியில் வெளி வீதிகள் வந்தன. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் வந்த வீதிகளுக்கு அந்த வேலையைப் பார்த்த இரண்டு பேரின் பெயரே விழுந்தது. ஒருவர் நிலஅளவையாளர் மாரட், இன்னொருவர் பெருமாள் மேஸ்திரி. கலெக்டருக்கு நன்றியாக ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் இன்று ஒரு பகுதியின் பெயராகவும் போலீஸ் ஸ்டேஷன் பெயராகவும் நிற்கிறது. கீழமாசி வீதிப் பக்கம் துணியெடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அது என்ன விளக்கு என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டியது, கோட்டை இருந்த இடத்தில் வந்த தெருக்கள் பழைய சதுரங்களின் ஒழுங்கையே தொடர்ந்தன என்பது. நிலம் துண்டு துண்டாகப் பலருக்குப் போயிருந்தாலும் தெருவுக்குக் கோடு போட்டது ஒரே கை. முதலில் தெரு, பிறகு மனை. இந்த வரிசை பின்னால் எப்போது தலைகீழானது என்பதில்தான் மதுரைப் பரவலின் கதை இருக்கிறது.

அடுத்த நூறாண்டு வளர்ச்சியை வேகமாகச் சொல்லிவிடலாம். 1875-ல் ரயில் வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு நெடுங்கோடு விழுந்தது. அதைக் கடக்க இன்றும் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடித்தான் போக வேண்டும். 1889-ல் வைகைமேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தது. கோரிப்பாளையமும் தல்லாகுளமும் ஊரோடு ஒட்டின. ஹார்வி மில் தன் தொழிலாளர்களுக்காக ஹார்விப்பட்டியை அமைத்தது. 1971-ல் மதுரை மாநகராட்சியானது. வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், எல்லிஸ் நகர் என்று பெரிய பரப்புகளில் காலனிகளைப் போட்டது. வாரியத்தின் கட்டடங்களைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அண்ணா நகரில் ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். அந்த வசதியை அங்கே இருப்பவர்கள் ஒரு வசதியாகவே நினைப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

தெருத் தொடர்பை அளக்கப் பல வழிகள் உண்டு. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை சந்திப்புகள், தெருக்களில் எத்தனை பங்கு முட்டுச்சந்து, நேர்க்கோட்டுத் தூரத்துக்கும் நடக்கும் தூரத்துக்கும் என்ன விகிதம் என்பவை பரவலாகப் புழங்குபவை. எளிதில் பிடிபடுவது, தெருத்துண்டுகளின் எண்ணிக்கையை முனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. சந்திப்பும் முட்டும் இரண்டுமே முனைதான். இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தெரு ஒரு தெருத்துண்டு. நன்றாகப் பின்னிய கட்டத்தெருக்களில் இந்த எண் இரண்டை நெருங்கும். எல்லாமே ஒரே வாசலுக்குத் திரும்ப வேண்டிய அமைப்பில் ஒன்றுக்குக் கீழே போய்விடும்.

புறநகரில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு லேஅவுட்டை மனதில் போட்டுப் பாருங்கள். மெயின் ரோட்டை ஒட்டி 100 மீட்டர் அகலம், உள்ளே போகப் போக 200 மீட்டருக்குச் சற்று மேல், ஆக ஐந்தரை ஏக்கர். நடுவில் உள்ளே போக ஒரு 30 அடி ரோடு. அதன் இரண்டு பக்கமும் மூன்று இடத்தில் 23 அடி குறுக்குத் தெருக்கள், எல்லையில் போய் முட்டி நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் மீன்முள். முனைகள் பத்து: மெயின் ரோட்டு வாசல் ஒன்று, உள்ளே சந்திப்பு மூன்று, முட்டு ஆறு. தெருத்துண்டுகள் ஒன்பது. விகிதம் 0.9.

இப்படி மூன்று லேஅவுட் அடுத்தடுத்து இருப்பதாக வையுங்கள். மெயின் ரோட்டின் இரண்டு துண்டுகளையும் சேர்த்தால் முனை 30, தெருத்துண்டு 29, விகிதம் 0.97. முட்டு மட்டும் 18. இப்போது லேஅவுட்டுகளுக்கு இடையில் எதிரெதிரே முட்டி நிற்கும் தெருக்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். மொத்தம் ஆறு இடம், ஒவ்வொன்றிலும் சில அடி. முனை 18, தெருத்துண்டு 23 என்றாகி விகிதம் 1.28-க்கு ஏறுகிறது. முட்டு 18-லிருந்து 6 ஆகக் குறைகிறது. புதிதாக ஒரு சென்ட் நிலம் ரோட்டுக்குப் போகவில்லை. மனை ஒன்றும் குறையவில்லை.

நடப்பவருக்கு இதன் அர்த்தம் என்ன? முதல் லேஅவுட்டின் கடைசிக் குறுக்குத் தெருவில் கடைசி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது லேஅவுட்டின் வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் இன்னொரு வீட்டில் தும்மல் வரும். ஆனால் தெருக்கள் சேராதவரை அங்கே போய்ச் சேர, நடுரோட்டுக்கு 50 மீட்டர், மெயின் ரோட்டுக்கு 200, மெயின் ரோட்டில் 100, மறுபடி உள்ளே 200, அப்புறம் 50. மொத்தம் 600 மீட்டர்.

இது மதுரையின் தனிச் சங்கடம் கிடையாது. கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுக்க வரைபடத்தில் ஏறியிருக்கும் தெருக்களை அலசி 2020-ல் வெளியிட்ட முடிவில், மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டில் 1975-க்குப் பிறகு புதிதாக வந்த பகுதிகளில் தெருத் தொடர்பு குறைந்திருப்பது தெரிந்தது. அமெரிக்காவைப் பற்றி 2015-ல் இவர்களே செய்த ஆய்வில், அங்கே தொடர்பில்லாத தெருக்கள் போடும் போக்கு 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போய் அதன்பின் தணிந்ததாகக் கண்டார்கள். முட்டுச்சந்தை ஒரு வாழ்க்கை முறையாகவே விற்ற நாடு அதிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் ஊர்கள் ஏறத் தொடங்கின. வித்தியாசம், அங்கே வளைந்து முடியும் தெருவைத் திட்டம்போட்டுப் போட்டார்கள். இங்கே யாரும் திட்டம் போடவில்லை.

சர்வே நம்பர் வரைந்த நகரம்

மதுரையின் புறநகர்த் தெருக்களை வரைந்தது எந்தத் திட்ட அலுவலகமும் இல்லை. வயல் எல்லைகளைக் காட்டும் கிராமத்துப் புலப்படம் வரைந்தது. வைகையிலிருந்தும் கண்மாய்களிலிருந்தும் வாய்க்காலில் தண்ணீர் வந்த வயல்கள் பெரும்பாலும் நீண்டு ஒடுங்கியவை. ஒரு குறுகிய பக்கம் ரோட்டையோ வாய்க்காலையோ தொடும், மற்றது உள்ளே நீளும். பாகப்பிரிவினையில் அது இன்னும் ஒடுங்கும். விவசாயம் கட்டுப்படியாகாமல் ஒருவர் தன் சர்வே நம்பரை விற்கிறார். வாங்கியவர் அதற்குள் அடங்கும்படி ஒரு ரோடு போட்டு மனை பிரிக்கிறார். பக்கத்து நம்பர்காரர் விற்பது ஆறு வருடம் கழித்து. அந்தப் புரமோட்டருக்கு முதல் லேஅவுட்டின் தெரு எங்கே முடிகிறது என்பது தெரியும். தன் தெருவை அதற்கு நேராகப் போட்டால் தனக்கு என்ன ஆதாயம் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. ஆதாயம் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த ரோட்டில் வந்து போவார்கள், அவ்வளவுதான். எனவே தனக்கு மனை எண்ணிக்கை எப்படி அதிகம் வருமோ அப்படிப் போடுகிறார்.

சிலர் ஒரு படி மேலே போவார்கள். ரோடு எல்லை வரை போகாமல் கடைசியில் ஓரடி நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். லேஅவுட் ரோட்டைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த ஓரடி பத்திரத்தில் வராது. பக்கத்து நிலம் மனையாகும் நாளில் அந்த ஓரடிக்குத் தனி விலை பேசலாம்.

இந்த லேஅவுட்டுகள் முளைத்த காலத்தில் அந்த நிலம் மாநகராட்சியில் இல்லை என்பது முக்கியம். 2011 வரை மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டர். 1990-களில் அதைச் சுற்றி இருந்தவை நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள். மனை விளம்பரத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பதிவு நடந்தது, பட்டா மாறியது, கரண்ட் கனெக்‌ஷன் வந்தது. அப்புறம் எந்த அப்ரூவல் என்று யார் கேட்கிறார்கள்?

2011-ல் மூன்று நகராட்சிகள், மூன்று பேரூராட்சிகள், பதினோரு ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி சுமார் 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 72-லிருந்து 100 ஆகின. பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் சேர்ந்து வந்த தெருக்கள் ஏற்கெனவே உறைந்துபோனவை. எல்லை மாறும் முன்பே ஊர் மாறிவிட்டது. விரிவாக்கப் பகுதிக்குப் பாதாள சாக்கடையும் குடிநீர்க் குழாயும் போடப் போனபோதுதான் பொறியாளர்களுக்கு இதன் முழுக் கனம் புரிந்திருக்கும். தெரு ஒன்றோடொன்று சேராவிட்டால் குழாயும் சேராது. வளையமாகப் போட்ட குழாயில் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஓரிடத்தில் உடைந்தால் மற்ற பக்கத்திலிருந்து கொடுக்கலாம். கிளை கிளையாகப் போனதில் கடைசி வீட்டுக்கு அழுத்தம் விழும், தேங்கும் தண்ணீரில் வண்டல் சேரும். கடைசி வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுவார். அப்புறம் அவருக்கு முந்தின வீட்டுக்காரரும் வைப்பார்.

2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்குத் தடை போட்டது. மாநிலம் முழுக்கப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகள் கட்டணம் கட்டி ஒழுங்குக்கு வரலாம் என்றார்கள். சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய குடும்பங்களுக்கு அது தேவையான நிவாரணம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனை சட்டத்துக்குள் வந்ததே தவிர, தெரு இருந்த இடத்திலேயே நின்றது. துண்டுபட்ட தெரு வலைக்கு அரசு முத்திரை விழுந்தது, அவ்வளவே.

இதற்கு எதிர் உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஜெய்ஹிந்துபுரம் நெருக்கமான, உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. தெருக்கள் குறுகல், எதிரே ஆட்டோ வந்தால் பைக்கை ஓரம் கட்ட வேண்டும். ஆனால் தெருக்கள் ஒன்றில் ஒன்று போய்ச் சேரும். கடை, பள்ளி, பஸ் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். புறநகர் லேஅவுட்டில் தெரு அகலம், காற்று, வெளிச்சம் எல்லாம் உண்டு. பால் பாக்கெட் வாங்க வண்டி எடுக்க வேண்டும். அகலமான தெருவைத் தொடர்புள்ள தெரு என்று நினைத்துக்கொள்வது நம் மனைச் சந்தையின் பெரிய குழப்பம். விளம்பரத்தில் ‘30 அடி ரோடு’ என்று போடுவார்கள். அது எங்கே போகிறது என்று போட மாட்டார்கள்.

பிள்ளையார்

முட்டில் நிற்கும் மனைக்கு ஒரு சிக்கல் உண்டு. தெரு நேராக வந்து மனையில் மோதினால் அது தெருக்குத்து. விலை குறையும், வாங்கத் தயங்குவார்கள். பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருவைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளையார். புறநகரில் லேஅவுட் எல்லைச் சுவரைப் பார்த்து முட்டும் தெருக்களில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். சுவரோரம் முதலில் ஒரு மாடம், அடுத்த ஆண்டு டைல்ஸ், அதற்கடுத்து இரும்புக் கேட், சங்கடஹர சதுர்த்திக்கு மைக் செட். குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டம் அங்கேதான் நடக்கும். நல்லதுதான், பக்கத்து வீட்டார் முகம் பார்க்க ஓர் இடம். ஆனால் அந்தச் சுவரைத் திறந்து அடுத்த லேஅவுட்டோடு சேர்க்க வேண்டும் என்று பத்து ஆண்டு கழித்து ஒருவர் மனு எழுதினால், சுவரை இடிக்க ஆள் கிடைக்கும், பிள்ளையாரை நகர்த்த யாரும் கிடைக்க மாட்டார்கள்.

பிள்ளையார் இல்லாத சுவர்களில் வேறொன்றைப் பார்க்கலாம். ஓரமாகச் சில கற்கள் பெயர்ந்து, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு திறப்பு இருக்கும். அடியில் மண் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். கீழே இரண்டு ஹாலோ பிளாக் படியாகப் போடப்பட்டிருக்கும். சங்கம் ஒருமுறை சிமென்ட் வைத்து அடைத்திருக்கும், அது மறுபடி பெயர்ந்திருக்கும். வீட்டு வேலைக்கு வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், இரண்டு தெரு தள்ளி மாவு வாங்கப் போகிறவர்கள் உண்டாக்கிய வழி அது. எங்கே தெரு இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நம்பகமான ஆய்வறிக்கை கிடையாது.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முட்டுச்சந்தில் பிள்ளைகள் பயமில்லாமல் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அறிமுகமில்லாத ஆள் வந்தால் தெரிந்துவிடும். சங்கிலி பறிப்பவன் தப்பி ஓட வழி இல்லை என்பார்கள். திறந்துவிட்டால் மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்கிற பைக்குகளெல்லாம் உள்ளே பாயும். இந்தக் கவலைகளுக்கு விடை, காருக்கும் பைக்குக்கும் அடைத்து, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் திறப்பது. இரண்டு கல்தூண் நட்டால் போதும். ஆனால் நம் ஊரில் தெரு என்றாலே வண்டி போகும் வழி என்று நினைத்துப் பழகியதால் இந்த நடுவழி பேச்சிலேயே வருவதில்லை.

பெரிய ரோடுகளின் ஆறுதல்

உள்தெருக்கள் சேராதபோது அத்தனை பேரும் மெயின் ரோட்டுக்கு வருகிறார்கள். 600 மீட்டர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் இரண்டு நிமிடம் என்பதால் பலருக்கு உறைப்பதில்லை. நடக்கும் முதியவருக்கும் தண்ணீர்க் குடம் தூக்குபவருக்கும் உறைக்கும். பள்ளி வேன் வளைவு வரைதான் வரும், குப்பை வண்டி உள்ளே போய் ரிவர்ஸில் வரும். பக்கத்து லேஅவுட்டுக்குப் போகும் பயணமும் மேலூருக்குப் போகும் பயணமும் ஒரே ரோட்டில் கலக்கின்றன. நெரிசல் கூடியதும் தீர்வு எப்போதும் ஒன்றே: ரோட்டை அகலப்படுத்து, இல்லையென்றால் பாலம் கட்டு, அதுவும் இல்லையென்றால் சுற்றிப் போ.

சுற்றிப் போவதில் மதுரை ஒரு வகையில் முன்னோடி. 1990-களின் இறுதியில் உத்தங்குடியிலிருந்து விரகனூர், மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டருக்கு ரிங் ரோட்டை மாநகராட்சியே போட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கி, சுங்கம் வசூலித்து அடைத்தது. அந்தக் கடனை மாற்றிக்கொள்ள 2001-ல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. ஒரு மாநகராட்சிக்கு அது துணிச்சலான வேலை. லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்தது. 1999-ல் மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் போனது, 2004-ல் மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தது. வடகிழக்கு முழுவதும் மனையாயிற்று. ‘ரிங் ரோட்டிலிருந்து 5 நிமிடம்’ என்பது தெற்கிலும் கிழக்கிலும் விற்பனை வாசகமானது.

குறை ரோட்டில் இல்லை. ரோட்டை மட்டும் போட்டதுதான் குறை. ரிங் ரோடு வந்தால் அதன் இரண்டு பக்கமும் மனையாகும் என்பது சோதிடம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலத்துக்கு உள்தெருக்களின் வரைவு ஏதும் நடைமுறைக்கு வராததால் ஒவ்வொரு சர்வே நம்பரும் நேராக ரிங் ரோட்டில் வாய் திறந்தது. வேகமாகப் போக வேண்டிய ரோடு கொஞ்ச காலத்தில் வாசல் தெருவாகிவிட்டது. அகமதாபாத்தில் 76 கிலோமீட்டர் ரிங் ரோடு போட்டபோது அதன் ஓரத்து நிலங்களுக்கு டவுன் பிளானிங் ஸ்கீம் போட்டார்கள். குஜராத்தின் 1976-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பகுதியின் நில உடைமையாளர்கள் எல்லோருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாக்கி, முதலில் தெருக்களையும் பொது இடத்தையும் ஒதுக்கி, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக அவரவருக்குத் திருப்பித் தருவார்கள். எல்லோரும் கொஞ்சம் இழக்கிறார்கள், எல்லோருக்கும் ரோடு கிடைக்கிறது. பிளாக்பர்ன் காலத்து வரிசைதான் இதுவும்: முதலில் தெரு, பிறகு மனை.

2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் சாலை மேம்பாலத்தையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன். மேலே போகிறவருக்கு அருமையான ரோடு. தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளம் பக்கம் இறங்கலாம். பாலத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள நகர்களில் குடியிருப்பவர் பக்கத்து நகருக்குப் போகும் வழி, பாலத்துக்கு முன்பு எப்படியோ பின்பும் அப்படியே. அங்கே கிலோமீட்டர்கணக்கில் கான்கிரீட் போட முடிந்தது. ஆறு இடத்தில் சுவர் திறப்பது எந்தத் திட்டத்திலும் இல்லை. காரணம், அதற்கு டெண்டர் விடுகிற அளவுக்குத் தொகை வராது.

மூன்றாண்டு விதி

யாருமே கோடு போடவில்லை என்று சொல்வது சரியல்ல. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்), அதற்குக் கீழே விரிவான வளர்ச்சித் திட்டங்களும் உண்டு. அந்த விரிவான திட்டங்களில் இணைப்புச் சாலைகள் வரையப்படும். ஸ்கீம் ரோடு என்பார்கள். சிக்கல் சட்டத்தின் 38-வது பிரிவில் இருக்கிறது. ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். பணமில்லாத உள்ளாட்சி மூன்று ஆண்டில் நிலம் எடுப்பது அபூர்வம். உடைமையாளர் நீதிமன்றம் போவார், ஜெயிப்பார். சொந்த நிலத்தில் வீடு கட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த விதி நியாயமானது. ஆனால் ஒரு தெருவின் நடுவில் ஒரு சர்வே நம்பர் விடுபட்டால், அந்தத் தெரு இல்லாமல் போன மாதிரிதான்.

மனைப்பிரிவு விதிகளும் லேஅவுட்டுக்குள் பார்க்கும் அளவு லேஅவுட்டுகளுக்கு இடையில் பார்ப்பதில்லை. ரோட்டு அகலம் உண்டா, திறந்தவெளிக்குப் பத்து விழுக்காடு உண்டா என்று அளந்து பார்ப்பார்கள். பக்கத்து நிலத்தில் நாளை வரப்போகும் தெருவுக்கு நேராக இந்தத் தெரு எல்லை வரை போகிறதா, கடைசியில் ஓரடி மிச்சம் வைத்திருக்கிறாரா என்பதை வரைபடத்தைச் சரிபார்ப்பவர் ஒரு வரியில் நிபந்தனையாகப் போடலாம். ஐ.நா.வின் வாழிடத் திட்டம் நல்ல நகருக்குச் சொல்லும் அளவு, நிலத்தில் 30 விழுக்காடு தெருவுக்கு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெருநீளம். லேஅவுட்டுகளைத் தனித்தனியே எடுத்தால் நீளத்தில் நாம் மோசமில்லை என்றே நினைக்கிறேன். மேலே பார்த்த ஐந்தரை ஏக்கர் லேஅவுட்டில் 200 மீட்டர் நடுரோடும் 300 மீட்டர் குறுக்குத் தெருவும் சேர்ந்து 500 மீட்டர். சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 22 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தேர்வில் பாஸ். ஆனாலும் பக்கத்து வீடு 600 மீட்டர் தூரத்தில்.

பழைய கோடுகள்

கட்டிமுடித்த பகுதிகளில் செய்யக்கூடியது குறைவு. தேய்ந்த பள்ளம் உள்ள சுவர்களை வார்டு வாரியாகக் குறித்து, நடைவழியாகத் திறப்பதில் தொடங்கலாம். வாய்க்கால் கரைகள் இன்னொரு வாய்ப்பு. கிருதுமால் நதியிலும் பனையூர் கால்வாயிலும் இன்று ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. ஆனால் அவை பத்து லேஅவுட்டுகளை ஒரே மூச்சில் கடந்து போகும் பொது நிலங்கள். ஆக்கிரமிப்பை எடுத்துக் கரையில் ஒரு நடைபாதை போட்டால், சர்வே நம்பர்கள் துண்டாக்கியதைத் தண்ணீர்வழி சேர்த்துவிடும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபின் கால்வாய்களைத் தூர்வாருவது பற்றி நிறையப் பேசினார்கள். தூர்வாரும் இயந்திரம் போகவும் கரையில் ஒரு வழி வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யலாம்.

பெரிய வாய்ப்பு இன்னும் மனையாகாத நிலத்தில் இருக்கிறது. வடக்கே வாடிப்பட்டிக்கும் தாமரைப்பட்டிக்கும் இடையே நான்குவழி வெளிவட்டச் சாலைப் பணி தொடங்கியபோதே கொடிக்கம்பமும் வண்ணக் கற்களும் வயலில் முளைக்க ஆரம்பித்துவிட்டன. அந்தக் கிராமங்களின் புலப்படத்தில் பட்டா எல்லைகளோடு வேறு சில கோடுகளும் உண்டு: வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு, களத்துக்குப் போன வழி. ஒரு கிராமத்து வயலிலிருந்து இன்னொரு கிராமத்து வயலுக்கு மாடும் வண்டியும் போய்வந்த பாதைகள் அவை. யாருடைய பட்டாவிலும் சேராதவை. கையகப்படுத்த வேண்டியதில்லை, மூன்றாண்டு விதியும் அவற்றைத் தொடாது. ஒரு லேஅவுட் ஒப்புதலுக்கு வரும்போது அந்த வண்டிப்பாதை வரைபடத்தில் சத்தமில்லாமல் மனைக்குள் கரைந்துவிடுவதும், எல்லைக்கு வெளியே தள்ளி விடப்படுவதும்தான் இதுவரை நடந்தது. மாறாக, பாதையை அகலப்படுத்த இரண்டு பக்க மனைப்பிரிவிலிருந்தும் பத்துப் பத்து அடி வாங்கிக்கொண்டு, லேஅவுட்டின் உள்தெருக்கள் அதில் வந்து சேர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், வெளிவட்டச் சாலைக்கு வராமலேயே ஊருக்குள் ஊர் போகும் ஒரு தெரு வலை கிடைத்துவிடும். செய்வதாக இருந்தால் வயல்கள் கைமாறும் முன்பே செய்ய வேண்டும். முதல் பத்து லேஅவுட்டுக்கு ஒப்புதல் போய்விட்டால் அப்புறம் மிஞ்சுவது பாலம் கட்டும் வேலைதான்.